பேரண்டத்தின் அளவில் ஈர்ப்பு: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பேரண்டத்தின் விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுவிழந்து வரக்கூடும் என்று கூறும் அண்மைய ஆய்வு முடிவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்த பெங்களூருத் தமிழ் வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே கருத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பேரண்டத்தில் 95 சதவீதம் புலப்படாதது என்கிறார்கள். கணக்கு ஒத்துவராதபோது விதியைச் சந்தேகிக்காமல், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சேர்த்துக்கொள்வது எப்படி நியாயமாகும்? (ஓய்வுபெற்ற பொறியாளர், ஜாலஹள்ளி)

உங்கள் ஐயம் முறையானது. வானியல் வரலாற்றில் இதே ஐயம் முன்பே இரண்டு முறை எழுந்து, இரண்டு வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறது. யுரேனஸ் கோள் நியூட்டனின் கணக்கிலிருந்து விலகிச் சென்றபோது, பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே விதியைத் தொடவில்லை; அறியப்படாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்று கொண்டு, அந்தக் கோள் இருக்க வேண்டிய திசையைக் கணக்கிட்டுக் கொடுத்தார். 1846 செப்டம்பரில் பெர்லினில் யோஹான் காலே அந்தத் திசையில் தேடி, நெப்டியூனைக் கண்டார். புதன் கோளின் பாதை எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாகத் திரும்புவதற்கும் அதே லெ வெரியே, 'வல்கன்' என்றொரு மறைந்த கோளைக் காரணமாகக் கூறினார். பல பத்தாண்டுகள் தேடியும் வல்கன் அகப்படவில்லை. நூற்றாண்டுக்கு 43 ஆர்க் செகண்ட் (ஓர் ஆர்க் செகண்ட் என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) அளவிலான அந்த மிச்சத்தை 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு, புதிய கோள் எதையும் சேர்க்காமல், விதியையே திருத்தி விளக்கியது.

ஆகவே மறைந்த பொருளைச் சேர்ப்பது, விதியைத் திருத்துவது என்ற இரண்டு வழிகளும் நேர்மையானவைதாம். எந்த வழி சரி என்பதை, முதல் முரண்பாட்டோடு தொடர்பில்லாத வேறொரு சான்றுதான் தீர்மானிக்க வேண்டும். ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டுவதாகக் கருதப்படும் இருண்ட பொருளின் கதையை இந்த அளவுகோலை வைத்தே பார்க்கலாம். திரள்கள் பல சேர்ந்த கோமா கொத்திலுள்ள விண்மீன் திரள்கள் மிக வேகமாக நகர்வதையும், கண்ணுக்குத் தெரியும் நிறை அவற்றைப் பிடித்து வைக்கப் போதாது என்பதையும் ஃபிரிட்ஸ் சுவிக்கி 1933இல் கவனித்தார். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமேடா திரளின் சுழற்சியை அளந்து வெளியிட்டார்கள்; அந்தத் திரளின் வெளிப்பகுதிகளும் வேகம் குறையாமலே சுழன்றன. இவை இரண்டுமே நகர்வைப் பற்றிய சான்றுகள் என்பதால், ஈர்ப்பு விதியைத் திருத்தியும் இவற்றை விளக்க முயலலாம். 1983இல் மோர்டெஹாய் மில்க்ரோம் அப்படித்தான் முயன்றார். மிக மெலிந்த முடுக்கங்களில் நியூட்டனின் விதி மாறுகிறது என்ற அவருடைய கருத்து, தனித்தனித் திரள்களின் சுழற்சியை வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகச் சொல்கிறது. அதை ஏளனமாக ஒதுக்குவது தவறு என்றே கருதுகிறேன்.

அந்தக் கருத்து தடுமாறுவது கொத்துகளின் அளவில்தான். 'புல்லட் கொத்து' எனப்படும் இடத்தில் இரண்டு திரள் கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்திருக்கின்றன. அங்குள்ள சாதாரணப் பொருளில் பெரும்பகுதி வெப்ப வாயுதான். அது மோதிக்கொண்டு நடுவிலேயே தேங்கிவிட்டதை, நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய 'சந்திரா' எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி படம் பிடித்தது. ஆனால் பின்னாலிருந்து வரும் ஒளி எங்கே அதிகமாக வளைகிறது என்று பார்த்தபோது, ஈர்ப்பின் மையம் வாயுவின் மேல் இல்லை. மோதாமல் கடந்து சென்ற திரள்களோடு சேர்ந்து விலகியிருந்தது. 2006இல் வெளியான இந்த முடிவில், சாதாரணப் பொருள் ஓரிடத்திலும் ஈர்ப்பு வேறோரிடத்திலும் இருக்கின்றன. விதியை மட்டும் திருத்தி இதைச் சொல்வது மிகக் கடினம். இதோடு சிறிதும் தொடர்பற்ற இன்னொரு சான்று, பேரண்டம் சுமார் 3,80,000 ஆண்டு வயதில் வெளிவிட்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு. தொடக்க காலத்துச் சூடான பொருளில் எழுந்து அதில் பதிந்துள்ள ஒலியலைகளின் ஏற்ற இறக்கங்களை ஐரோப்பாவின் பிளாங்க் செயற்கைக்கோள் அளந்தபோது, ஒளியின் அழுத்தத்தை உணராமல் ஈர்ப்பை மட்டும் தரும் பொருள் ஒன்று தேவைப்பட்டது. அதன் அளவும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கிடைத்தது: சாதாரணப் பொருள் 5 சதவீதம், இருண்ட பொருள் 27 சதவீதம், இருண்ட ஆற்றல் 68 சதவீதம்.

கேள்வி: இருண்ட பொருளும் இருண்ட ஆற்றலும் ஒன்றின் இரு பெயர்களா? (கல்லூரி மாணவி, ஜெயநகர்)

இல்லை, இரண்டும் எதிரெதிரான வேலைகளைச் செய்கின்றன. இருண்ட பொருள் ஈர்ப்பால் ஒன்றுதிரண்டு, திரள்கள் உருவாகச் சட்டகமாக அமைகிறது. பேரண்டம் விரிய விரிய அதன் அடர்த்தி குறைகிறது. இருண்ட ஆற்றல் எங்கும் சீராகப் பரவியிருக்கிறது. நாம் அறிந்தவரை, வெளி விரிந்தாலும் அதன் அடர்த்தி குறைவதில்லை அல்லது மிக மெதுவாகவே மாறுகிறது. ஒரு கன மீட்டர் வெளியில் அதன் அளவு, மூன்று நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்குச் சமமானது. இவ்வளவு சொற்பமான ஒன்று எப்படி ஆதிக்கம் பெற்றது என்றால், பொருள் நீர்த்துப்போன பின்னும் அது நீர்த்துப்போகாமல் நின்றதால்தான். சுமார் 600 கோடி ஆண்டுகளுக்கு முன்பு விரிவின் வேகம் குறைவது நின்று, கூடத் தொடங்கியது. தொலைவில் வெடித்துச் சிதறும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களின் ஒளியை அளந்து இரண்டு குழுக்கள் 1998இல் இதைக் கண்டறிந்தன. பெர்ல்முட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கேள்வி: ஆய்வகத்திற்குள் கொண்டுவர முடியாத அளவில் ஈர்ப்பை எப்படிச் சோதிக்கிறார்கள்? சூரியக் குடும்பத்தில் சரியாக இருக்கும் விதி எங்கும் சரியாகத்தானே இருக்க வேண்டும்? (மென்பொருள் பொறியாளர், மாரத்தஹள்ளி)

'இருக்க வேண்டும்' என்பது நம் எதிர்பார்ப்பு மட்டுமே. அளந்து பார்க்காதவரை அதை அறிவாகக் கொள்ள முடியாது. சூரியனுக்கருகே ரேடியோ அலைகள் எவ்வளவு தாமதமாகின்றன என்பதைக் காசினி விண்கலத்தைக் கொண்டு அளந்தவர்கள், பொதுச் சார்பியல் லட்சத்தில் இரண்டு பங்கு நுட்பம் வரை சரியாக இருப்பதை 2003இல் வெளியிட்டார்கள். ஆனால் சூரியக் குடும்பத்தில் ஒளி சில மணி நேரத்தில் கடக்கும் தொலைவில் உறுதியான ஒன்றை, ஒளி நூறு கோடி ஆண்டுகள் பயணம் செய்யும் தொலைவுக்கு நீட்டிப் பயன்படுத்துகிறோம். இடையில் எங்கோ விதி மெல்ல மாறுகிறது என்றால், இருண்ட ஆற்றல் என்று நாம் பெயரிட்டிருப்பது உண்மையில் அந்த மாற்றத்தின் விளைவாகவே இருக்கலாம். அடர்த்தி மிகுந்த இடங்களில் ஒளிந்துகொண்டு, வெறுமையான பெருவெளியில் மட்டும் வெளிப்படும் கூடுதல் ஈர்ப்பைக் கொண்ட கோட்பாடுகளும் உள்ளன. அவற்றைச் சூரியக் குடும்பத்தில் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் பிடிக்க முடியாது.

இதற்கான சோதனையின் உட்பொருளை இப்படிச் சொல்லலாம். பேரண்டம் காலந்தோறும் எந்த வேகத்தில் விரிந்தது என்பது ஒரு வரலாறு. அந்த விரிவுக்கு எதிராக நின்று, பொருள் எந்த வேகத்தில் திரண்டு கட்டமைப்புகளாக வளர்ந்தது என்பது இன்னொரு வரலாறு. பொதுச் சார்பியல் சரியாக இருந்தால், முதல் வரலாற்றைக் கொண்டு இரண்டாவதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். இருண்ட ஆற்றல் மெய்யானதாக இருந்தால் இரண்டும் பொருந்தும். அது ஈர்ப்பு விதியின் பிறழ்வாக இருந்தால், விரிவு சரியாக வந்தாலும் வளர்ச்சி பிசகும். இத்துறையின் ஆய்வுகளைப் பற்றி எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது, இந்த இரண்டில் எதை அளந்திருக்கிறார்கள் என்பதைத்தான். விரிவை மட்டும் அளந்து ஈர்ப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இயலாது.

விரிவை அளக்கச் சூப்பர்நோவாக்களோடு மற்றோர் அளவுகோலும் உண்டு. தொடக்க காலத்து ஒலியலைகள் உறைந்துபோன இடங்களில் திரள்கள் சற்றே அதிகமாகத் தோன்றின. அதனால் இன்றைய கணக்கில் சுமார் 49 கோடி ஒளியாண்டு இடைவெளியில் திரள் இணைகள் கொஞ்சம் மிகுதியாக இருப்பதை 2005இல் இரண்டு குழுக்கள் கண்டறிந்தன. வளர்ச்சியை அளக்கவும் இரண்டு வழிகள் உள்ளன. திரள்கள் அடர்ந்த பகுதியை நோக்கி விழும் வேகம், அவற்றின் செம்பெயர்ச்சியில் (விலகிச் செல்வதால் ஒளி சிவப்பை நோக்கி நீள்வதில்) ஒரு சீரான திரிபாகப் பதிவது முதல் வழி. மற்றது, இடையிலுள்ள பொருளின் ஈர்ப்பால் தொலைதூரத் திரள்களின் உருவம் இம்மியளவு நெளிவது. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் குளத்தில் தெளிந்த நீருக்கடியில் கிடக்கும் கற்களின் நெளிவைக் கொண்டு, மேலே நீர்ப்பரப்பு எப்படி அலைகிறது என்று கணிப்பதைப் போன்ற வேலை இது. ஒரு திரளை வைத்து எதையும் சொல்ல முடியாது. லட்சக்கணக்கான திரள்களின் சராசரியில்தான் நெளிவு புலப்படும்.

இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிடுவதில்தான் ஐன்ஸ்டைனின் கோட்பாடு உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. மெதுவாக நகரும் திரள்கள், காலத்தில் ஈர்ப்பு ஏற்படுத்தும் திரிபை மட்டுமே உணர்கின்றன. ஒளியோ காலத்தின் திரிபையும் வெளியின் வளைவையும் சேர்த்து உணர்கிறது. 1919 சூரிய கிரகணத்தின்போது, சூரியனருகே விண்மீன் ஒளி நியூட்டன் முறைப்படியான 0.87 ஆர்க் செகண்ட் வளைகிறதா, அதன் இரு மடங்கான 1.75 வளைகிறதா என்று எடிங்டனின் குழு பார்த்ததற்கு இதுவே காரணம். அதே இரு மடங்கு, திரள் கொத்துகளைக் கடந்த தொலைவுகளிலும் நிலைக்கிறதா என்ற கேள்விக்கு, 70,000க்கும் மேற்பட்ட திரள்களைக் கொண்டு 2010இல் ஒரு விடை கிடைத்தது. ஒளியின் வளைவையும் திரள்களின் நகர்வையும் ஒப்பிடும் ஓர் எண்ணுக்குப் பொதுச் சார்பியல் முன்னுரைத்த மதிப்பு ஏறத்தாழ 0.4, அளவீடு தந்தது 0.39, பிழை வரம்பு 0.06. ஆறில் ஒரு பங்கு பிழை என்பது காசினியின் நுட்பத்தோடு ஒப்பிட மிகக் கரடுமுரடானதுதான். ஆனாலும் அந்தத் தொலைவுகளில் அப்படி ஒரு சோதனை நடந்ததே பெரிய காரியம்.

பிறகு 2017 ஆகஸ்ட் 17 அன்று வந்தது, ஒரே நாளில் பல கோட்பாடுகளை வீழ்த்திய நிகழ்வு. சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலையும், ஒளியின் ஒரு வகையான காமா கதிரும் 1.7 விநாடி இடைவெளியில் பூமியை வந்தடைந்தன. அவ்வளவு நெடிய பயணத்தில் அவ்வளவு சிறிய வேறுபாடு என்றால், இரண்டின் வேகமும் கோடி கோடியில் ஒரு பங்கை விடவும் நுட்பமாகச் சமம். இருண்ட ஆற்றலுக்குப் பதிலாக முன்வைக்கப்பட்ட மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளில் பல, ஈர்ப்பலையின் வேகம் ஒளியின் வேகத்திலிருந்து மாறுபடும் என்று கூறின. அவை அத்துடன் கைவிடப்பட்டன.

கேள்வி: கர்நாடகத்தில் ஏரி நீரில் கருவியை மிதக்கவிட்டு இருண்ட பொருளை ஆராய்ந்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? (இல்லத்தரசி, அல்சூர்)

உண்மைதான் அம்மா. நம் ஊரிலேயே நடந்த இந்தப் பணியைப் பற்றி நம்மவர்கள் போதிய அளவு பேசாதது எனக்கு வருத்தமே. முதல் விண்மீன்கள் ஒளிரத் தொடங்கியபோது, சுற்றியிருந்த ஹைட்ரஜன் வாயு பின்னணிக் கதிர்வீச்சில் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தைச் சிறிது உறிஞ்சியிருக்க வேண்டும். 21 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலை, பேரண்டத்தின் விரிவால் பல மடங்கு நீண்டு இன்று நம்மை அடைகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் நிறுவப்பட்ட எட்ஜஸ் என்னும் கருவி, 78 மெகாஹெர்ட்ஸில் அத்தகைய ஒரு பள்ளத்தைக் கண்டதாக 2018இல் அறிவித்தது. பரபரப்புக்குக் காரணம் பள்ளத்தின் ஆழம். எதிர்பார்த்த உச்ச அளவைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. அப்படியானால் ஹைட்ரஜன் கணக்கில் வந்ததைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். அதைக் குளிர்விக்கும் அளவுக்குக் குளிர்ச்சியானது இருண்ட பொருள் ஒன்றுதான் என்ற விளக்கம் உடனே முன்வைக்கப்பட்டது. அது மட்டும் உறுதியாகியிருந்தால், ஈர்ப்பைத் தவிர வேறொரு வழியில் இருண்ட பொருள் சாதாரணப் பொருளோடு உறவாடுவதற்கான முதல் சான்றாக இருந்திருக்கும்.

அதைச் சரிபார்க்க முனைந்தவர்களில் நம் சதாசிவ நகரிலுள்ள ராமன் ஆராய்ச்சி நிலையத்தாரும் உண்டு. தேடும் சமிக்ஞையைப் போல் பல்லாயிரம் மடங்கு வலிமையான ரேடியோ இரைச்சல் நம் பால்வீதியிலிருந்தே வருகிறது. அதற்கு நடுவே, ஆண்டெனாவின் கீழுள்ள நிலம் மண்ணும் பாறையுமாக அடுக்கடுக்காக அமைந்திருப்பதால் அலைகளைச் சீரற்று எதிரொலித்து, அளவீட்டில் போலியான பள்ளங்களை உண்டாக்கிவிடும். நீர் அப்படியன்று, ரேடியோ அலைகளுக்கு அது ஆழம் வரை ஒரே தன்மையுடைய பரப்பு. எனவே அவர்கள் தங்கள் 'சரஸ் 3' கருவியை ஒரு மிதவையில் ஏற்றி, 2020இல் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி ஆற்றின் தேக்க நீரிலும் மிதக்கவிட்டார்கள். பண்பலை வானொலி ஒலிபரப்பு 88 மெகாஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடுவதால், நகரத்தின் சந்தடியிலிருந்து விலகிய நீர்நிலைகளே வேண்டியிருந்தன. 2022இல் வெளியான அவர்களின் முடிவு தெளிவானது: எட்ஜஸ் கண்ட வடிவத்தில் வானில் பள்ளம் எதுவும் இல்லை என்று 95.3 சதவீத நம்பகத்தன்மையுடன் கூறினார்கள்.

இதைத் தோல்வி என்று எவரும் எண்ண வேண்டாம். இருண்ட பொருளுக்கு ஒரு புதிய பண்பைச் சேர்த்துவிடக் காத்திருந்த உலகத்தை, ஓர் ஏரியின் நடுவிலிருந்து கிடைத்த கவனமான அளவீடு நிறுத்தி யோசிக்க வைத்தது. நிலவின் மறைவில் ரேடியோ இரைச்சல் இல்லாத சூழலில் இதே தேடலை மேற்கொள்ள, 'பிரதுஷ்' என்ற விண்கலத் திட்டத்தையும் அந்த நிலையம் முன்வைத்திருக்கிறது.

கேள்வி: எல்லாம் விரிகிறது என்றால் பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள தூரமும் கூடுகிறதா? (ஏழாம் வகுப்பு மாணவர், ராமமூர்த்தி நகர்)

இல்லை. பூமியைப் பிணைத்திருக்கும் விசைகளும், பூமியைச் சூரியனோடும் சூரியனைப் பால்வீதியோடும் பிணைத்திருக்கும் ஈர்ப்பும் விரிவை விட மிக வலிமையானவை. ஒன்றோடொன்று பிணைக்கப்படாத திரள் கொத்துகளுக்கு இடையில்தான் தூரம் கூடுகிறது.

கேள்வி: அப்படியானால் இருண்ட ஆற்றல் வலுவிழக்கிறது என்பதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்ளலாமா? (தமிழாசிரியர், இந்திரா நகர்)

உறுதியானது என்று சொல்ல இன்னும் காலம் வரவில்லை. புறக்கணிக்கத்தக்கது என்று சொல்லவும் முடியாது. அரிசோனாவின் கிட் சிகரத்தில் 4 மீட்டர் தொலைநோக்கி ஒன்றில் பொருத்தப்பட்டுள்ள டெசி என்னும் கருவி, 5,000 ஒளியிழைகளைச் சிறு இயந்திரக் கைகளால் நகர்த்தி, ஒரே வேளையில் 5,000 திரள்களின் நிறமாலையைப் பதிவுசெய்கிறது. 2025 மார்ச்சில் அந்தக் குழு, முதல் மூன்று ஆண்டுகளில் சேர்ந்த 1.4 கோடிக்கும் மேற்பட்ட திரள்கள், குவேசார்களின் (மிகப் பிரகாசமான திரள் மையங்களின்) தரவைக் கொண்டு விரிவின் வரலாற்றை வெளியிட்டது. ஐன்ஸ்டைன் 1917இல் அறிமுகப்படுத்திய மாறிலியைப் போல இருண்ட ஆற்றல் என்றும் ஒரே அளவில் இருக்கிறது என்ற கருத்தைவிட, அது காலத்தோடு மாறுகிறது என்ற கருத்துக்கே அந்தத் தரவு சற்றுக் கூடுதலாகப் பொருந்துகிறது.

எவ்வளவு கூடுதலாக என்பதில்தான் கவனம் தேவை. டெசியின் தரவைப் பின்னணிக் கதிர்வீச்சோடும் மூன்று வெவ்வேறு சூப்பர்நோவாத் தொகுப்புகளோடும் தனித்தனியே சேர்த்தபோது, முரண்பாட்டின் வலிமை, தற்செயலால் விளக்குவது எவ்வளவு கடினம் என்று காட்டும் சிக்மா அளவில், 2.8 முதல் 4.2 வரை வந்தது. இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க வழக்கமாக எதிர்பார்க்கப்படுவது 5 சிக்மா. அதாவது, தற்செயலாக அப்படி நிகழ 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பே இருக்க வேண்டும். எந்தத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து வலிமை இவ்வளவு மாறுகிறது என்றால், அண்மையிலுள்ள சூப்பர்நோவாக்களையும் தொலைவிலுள்ளவற்றையும் ஒரே அளவில் ஒப்பிட்டதில் சிறு பிசகு இருக்கக்கூடும் என்று ஐயப்படுவது முறையே. இந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டால், கடந்த காலத்தில் இருண்ட ஆற்றலின் அடர்த்தி விரிவோடு சேர்ந்து கூடி, பிறகு குறையத் தொடங்கியது என்று கொள்ள நேரிடும். எளிய கோட்பாடுகள் அதற்கு இடம் தருவதில்லை.

இங்கேதான் மேலே கூறிய இரட்டை வரலாறு பயன்படுகிறது. டெசியின் முதலாண்டுத் தரவிலிருந்து கட்டமைப்பின் வளர்ச்சியை ஆராய்ந்த முடிவு 2024 நவம்பரில் வெளிவந்தது. சுமார் 60 லட்சம் திரள்களையும் குவேசார்களையும் கொண்டு 1,100 கோடி ஆண்டுகள் வரை பின்னோக்கிப் பார்த்ததில், வளர்ச்சி பொதுச் சார்பியலோடு ஒத்துப்போனது. ஆகவே விரிவில் ஏதோ மாற்றம் இருப்பதாகத் தோன்றினாலும், பழியை ஈர்ப்பு விதியின்மேல் போட இதுவரை காரணம் கிடைக்கவில்லை. பொருள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் திரண்டிருக்கிறது என்று சில ஆண்டுகளாகப் பேசப்பட்ட முரண்பாடும், திரள்களின் உருவ நெளிவை அளக்கும் கிட்ஸ் ஆய்வின் முழுத் தரவு 2025இல் வெளியானபோது பெருமளவு மறைந்தது. மாறாக, விரிவின் இன்றைய வேகத்தில் உள்ள முரண்பாடு தீரவில்லை. பிளாங்க் தரவிலிருந்து கணக்கிட்டால் மெகாபார்செக்குக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு) விநாடிக்கு 67.4 கிலோமீட்டர், சூப்பர்நோவாக்களைக் கொண்டு அளந்தால் ஏறத்தாழ 73. இருண்ட ஆற்றல் டெசி காட்டும் வகையில் மாறுகிறது என்று கொண்டாலும் இந்த இடைவெளி மூடுவதில்லை. இதுவே எனக்கு மிகுந்த கவலையையும் ஆர்வத்தையும் தரும் புள்ளி.

2023 ஜூலை 1 அன்று ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்ளிட் விண்கலம், வானில் மூன்றில் ஒரு பங்கை ஆறு ஆண்டுகளில் அளந்து, திரள்களின் உருவ நெளிவையும் அவற்றின் பரவலையும் ஒரே பணியில் பதிவுசெய்யும். சிலி நாட்டில் 8.4 மீட்டர் கண்ணாடியுடன் அமைந்து, 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட ஆய்வகம் வேரா ரூபினின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பத்தாண்டுகள் நீடிக்கும் அதன் பணியில் புதிய சூப்பர்நோவாக்கள் ஏராளமாகக் கிடைக்கும் என்பதால், மேலே குறிப்பிட்ட ஐயத்தை முதலில் தீர்ப்பது அதுவாகவே இருக்கலாம்.

கேள்வி: பி.யு.சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் இத்துறையில் சேர விரும்புகிறாள். பொறியியலை விட்டுவிடலாமா? (ஒரு தாய், கம்மனஹள்ளி)

விட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இயற்பியல் பட்டம் நேரான வழி. அதன்பின் ஜெஸ்ட் போன்ற நுழைவுத் தேர்வுகள் வழியாக ராமன் ஆராய்ச்சி நிலையத்திலும் கோரமங்கலாவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திலும் ஆய்வில் சேரலாம். இந்திய அறிவியல் கழகமும், ஹெசரகட்டாப் பகுதியிலுள்ள கோட்பாட்டு அறிவியல்களுக்கான சர்வதேச மையமும் இதே நகரத்தில் இருப்பது உங்கள் மகளுக்கு வாய்த்த நன்மை. ஆண்டெனா, மின்னணுச் சுற்று, தரவு ஆய்வு ஆகியவற்றில் தேர்ந்த பொறியாளர்கள் இல்லாமல் சரஸ் போன்ற கருவிகள் உருவாக முடியாது என்பதால், பொறியியல் படித்தும் இங்கே வரலாம். எந்த வழியில் சென்றாலும் புள்ளியியலையும் பைத்தான் மொழியையும் இப்போதே கற்கத் தொடங்கச் சொல்லுங்கள். டெசியின் முதலாண்டுத் தரவு 2025 மார்ச் முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி இணையத்தில் இருக்கிறது. அதிலிருந்து சில ஆயிரம் திரள்களின் செம்பெயர்ச்சியை எடுத்து ஒரு வரைபடம் போட்டுப் பார்ப்பது, விடுமுறையில் அவளால் செய்து முடிக்கக்கூடிய வேலைதான்.